எந்தத் திரைக்கு இயந்திரம் பதில் சொல்லும்?

கேள்வி:

ஐயா, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் இருப்புக் கணக்கு, கொள்முதல், சம்பளம் எல்லாம் இன்றும் ஒரு ஐபிஎம் ஐ5 520 இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. ஆபரேட்டிங் சிஸ்டம் வி5ஆர்4. எச்எம்சி என்ற தனி நிர்வாகக் கம்ப்யூட்டர் கிடையாது. நெடுநாள் அதைப் பார்த்துக்கொண்ட அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பொறுப்பு இப்போது என்னிடம்.

சர்வர் அறையில் மூன்று திரைகள் உள்ளன. இரண்டு பச்சை எழுத்து டெர்மினல்கள், ஒரு பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர். முழு பேக்கப் எடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்தே எல்லா சப்சிஸ்டத்தையும் நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். என் திரை உடனே அறுந்துவிட்டது. சர்வர் அறைக்கு ஓடினால் இரண்டு டெர்மினல்களும் வெறுமையாக இருந்தன. எக்ஸ்பி கம்ப்யூட்டரில் கன்சோல் என்று ஒரு விண்டோ இருந்தது. அது ஏதோ பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. நான் தினமும் பயன்படுத்துவதைக் கொடுத்தால் ஏற்கவில்லை. வேறு வழி தெரியாமல் முன்பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்தோம். திரும்ப ஏறி வர வெகுநேரம் ஆனது.

இதில் எது மெயின் கன்சோல்? அதை எப்படி உறுதி செய்வது? இனி எப்படி அமைத்து வைத்துக்கொள்வது?

— பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர், ஓசூர்

பதில்:

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான் உங்கள் கன்சோல் என்று நினைக்கிறேன். சப்சிஸ்டங்கள் எல்லாம் நின்ற பிறகு இந்த இயந்திரம் ஒரே ஒரு திரையைத்தான் விட்டுவைக்கும். மற்ற திரைகள் வெறுமையாகிவிடும். பச்சை டெர்மினல்கள் இரண்டும் வெறுமையாயின என்கிறீர்கள்; எக்ஸ்பி மட்டும் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தது. அது கேட்ட பெயர் நீங்கள் தினமும் நுழையும் பெயர் அல்ல, அதனால்தான் உங்களை உள்ளே விடவில்லை. கதவு சரியான கதவுதான். சாவி வேறு. அந்தச் சாவியைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஊகத்தை நம்பி இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைப் பணயம் வைக்க வேண்டாம். இயந்திரம் நல்லபடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வழிகள் உள்ளன.

முதலில் கன்சோல் என்றால் இந்தக் குடும்பத்து இயந்திரங்களில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1988 ஜூன் 21 அன்று ஐபிஎம் அறிவித்த ஏஎஸ்/400தான் உங்கள் இயந்திரத்தின் மூதாதை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் ஊரில் வடிவமைத்தார்கள். சிஸ்டம்/36, சிஸ்டம்/38 இரண்டின் வழிவந்தது. 2000-இல் ஐசீரிஸ், 2004-இல் ஐ5, 2006-இல் சிஸ்டம் ஐ என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. கன்சோலுக்கு உள்ள இடம் மட்டும் மாறவில்லை. எந்தத் திரையும் பிறவியிலேயே கன்சோல் இல்லை. இன்ன வகை, இன்ன இடத்தில் உள்ள திரைதான் கன்சோல் என்று இயந்திரம் ஒன்றுக்கு அந்தப் பதவியைக் கொடுக்கிறது. பதவி கிடைத்த திரைக்கு மூன்று உரிமைகள் வருகின்றன.

ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறுவதற்கு முன்பே பேச முடிவது முதல் உரிமை. டிஎஸ்டி என்ற பராமரிப்புத் திரைகள் அங்கே மட்டுமே வரும். டிஸ்க் கெட்டால், சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தால், அந்த வேலை அங்கேதான். இரண்டாவது, சப்சிஸ்டங்கள் எல்லாம் நின்ற ரெஸ்ட்ரிக்டட் நிலையிலும் உயிரோடு இருப்பது. முழு பேக்கப், சேமிப்பிடத்தை ஒழுங்குபடுத்தும் ஆர்சிஎல்எஸ்டிஜி போன்றவை மற்ற எல்லாம் நின்ற பிறகே ஓடும். மூன்றாவது பலருக்குத் தெரிவதில்லை: க்யூசெக்ஆஃபர் என்ற தலைமைப் பயனர் முடக்கப்பட்டிருந்தாலும், சரியான பாஸ்வேர்டு தெரிந்தால் கன்சோலில் நுழையலாம். யாரோ தவறாக அடித்து அடித்து அந்தப் பெயரை முடக்கிவிட்ட நாளில் காப்பாற்றுவது இதுதான். அந்த அறைக்குப் பூட்டு அவசியம் என்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது அடையாளம் காண்பதற்கு வருவோம். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் எழுத்தெழுத்தாக, இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

எளிய சோதனையை எழுந்து போகாமலே செய்யலாம். சைன்-ஆன் திரையின் வலது மேல் மூலையில் மூன்று வரிகள் இருக்கும்: சிஸ்டத்தின் பெயர், சப்சிஸ்டத்தின் பெயர், டிஸ்ப்ளேயின் பெயர். உங்கள் மேசைக் கம்ப்யூட்டரில் சப்சிஸ்டம் க்யூஇன்டர் என்றும் டிஸ்ப்ளே க்யூபேட்இவி என்று தொடங்கி எண்களில் முடிவதாகவும் இருக்கும். அந்தப் பெயர் நெட்வொர்க் வழியே வந்த ஒரு தற்காலிகத் திரைக்கு உரியது. அது ஒருநாளும் கன்சோல் ஆகாது. கன்சோலின் மூலையில் பெரும்பாலும் க்யூசிடிஎல் அல்லது க்யூபேஸ் என்ற சப்சிஸ்டப் பெயரும், டிஎஸ்பி01 போன்ற டிஸ்ப்ளே பெயரும் தென்படும். இந்த இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படுத்தும் சப்சிஸ்டமாக வழக்கமாக இருக்கும். உங்களுடையது எது என்று க்யூசிடிஎல்எஸ்பிஎஸ்டி என்ற சிஸ்டம் வேல்யூ சொல்லும்.

அன்று உங்கள் திரை ஏன் அறுந்தது என்பதற்கும் இதே மூலைதான் விளக்கம். எல்லா சப்சிஸ்டத்தையும் நிறுத்தச் சொன்னபோது, நீங்கள் உட்கார்ந்திருந்த க்யூஇன்டரும் அதில் ஒன்று. உங்கள் கட்டளை சரியாகவே வேலை செய்தது. நீங்கள் பொத்தானை அழுத்திய நேரத்தில் இயந்திரம் பழுதாகி நிற்கவில்லை. ரெஸ்ட்ரிக்டட் நிலையில், கன்சோலில் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தது. திடீரென்று அணைத்ததால், ஐபிஎல் எனப்படும் அடுத்த தொடக்கம் அசாதாரண ஐபிஎல் ஆனது. பாதியில் நின்ற கோப்புகளையும் அவற்றின் அக்சஸ் பாத்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது, அதற்குத்தான் அவ்வளவு நேரம்.

அடுத்து, டிஎஸ்பிஎஸ்ஒய்எஸ்விஏஎல் கட்டளையில் க்யூகன்சோல் என்ற வேல்யூவைக் கேளுங்கள். கன்சோலாக இருக்கும் டிவைஸின் பெயர் வரும். இந்த வேல்யூவை நாம் மாற்ற முடியாது, இயந்திரமே எழுதிக்கொள்ளும். கிடைத்த பெயரை டிஎஸ்பிடிஇவிடி கட்டளையில் கொடுத்தால் அதன் விவரம் வரும். ட்வினாக்ஸ் கேபிளில் வரும் டெர்மினல் என்றால் போர்ட் எண்ணும் ஸ்விட்ச் செட்டிங்கும் அதில் இருக்கும். பிறகு டபிள்யூஆர்கேசிஎஃப்ஜிஎஸ்டிஎஸ் கட்டளையில் அதே பெயரின் நிலையைப் பாருங்கள்: சைன்-ஆன் திரை காட்டிக்கொண்டிருக்கிறதா, யாராவது நுழைந்திருக்கிறார்களா, வேரி ஆன் பெண்டிங் என்று எதற்கோ காத்து நிற்கிறதா. கடைசியாகச் சொன்ன நிலையில் இருந்தால் பெயர் இருக்கிறது, திரை இல்லை என்று பொருள்.

இவை எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்லும் சாட்சி. நான் முழுதாக நம்புவது அதற்கும் கீழே உள்ள அடுக்கு சொல்வதைத்தான். அதைக் கேட்பதற்கு இயந்திரத்தின் முன்பக்கக் கன்ட்ரோல் பேனல் இருக்கிறது.

பேனலில் மேல், கீழ் அம்புக்குறிப் பொத்தான்களும் என்டர் பொத்தானும் உண்டு. 01 என்ற ஃபங்ஷன் இப்போதைய நிலையைக் காட்டும். பி, என் என்ற எழுத்துகள் தெரிந்தால் பி பக்கத்திலிருந்து நார்மல் முறையில் ஓடுகிறது என்று அர்த்தம். 02-க்குப் போய் நார்மலை மேனுவல் ஆக்குங்கள். என் இருந்த இடத்தில் எம் வரும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு அம்புக்குறியால் 21 வரை போய் என்டர் அழுத்துங்கள்.

ஒரே ஒரு திரையில் டிஎஸ்டி சைன்-ஆன் வரும். அதுதான் கன்சோல். வேறு எந்த விளக்கமும் தேவையில்லை. எதிலுமே வராவிட்டால், கன்சோல் என்று இயந்திரம் நினைக்கும் திரை இப்போது இணைப்பில் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். மற்ற பயனர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருப்பார்கள். கன்சோலில் அந்த நேரம் யாராவது நுழைந்திருந்தால் அவர் வேலை மட்டும் தற்காலிகமாக நிற்கும், ஆகவே அங்கே எதுவும் ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். டிஎஸ்டிக்குள் நுழைந்து, ஆபரேட்டிங் சிஸ்டத் திரைக்குத் திரும்பும் தேர்வைக் கொடுத்தால் பழைய நிலை வந்துவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆக வேண்டும். 21-க்குப் போகும் வழியில் 03-ஐயும் 08-ஐயும் கடக்க வேண்டும். 03 இயந்திரத்தை மறுபடி ஐபிஎல் செய்யும்; 08 உடனடியாக அணைக்கும். அந்த எண்கள் திரையில் இருக்கும்போது என்டர் பக்கமே விரல் போகக் கூடாது. பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்து, எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். இன்னொன்று, வேலை முடிந்ததும் மறக்காமல் மேனுவலை நார்மலுக்குத் திருப்பிவிடுங்கள். மேனுவலில் விட்டுவிட்டுப் போனால், மின்சாரம் போய் வந்த ஒரு இரவுக்குப் பிறகு, காலையில் முதல் ஷிஃப்ட் வரும்போதும் இயந்திரம் தானாக முழுதாக ஏறி வந்திருக்காது.

இனி சாவி. இந்த இயந்திரத்தில் இரண்டு தனித்தனிப் பயனர் பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று ஆபரேட்டிங் சிஸ்டத்துடையது. நீங்கள் தினமும் பயன்படுத்துவது. மற்றொன்று சர்வீஸ் டூல்ஸ் பயனர்கள் என்பது. அது கீழ் அடுக்கில், ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாதபோதும் இருக்கும் பட்டியல். குழப்பத்துக்குக் காரணம், இரண்டு பட்டியலிலும் க்யூசெக்ஆஃபர் என்றே ஒரு பெயர் இருப்பதுதான். பெயர் ஒன்று, பாஸ்வேர்டு வேறு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. எக்ஸ்பி கம்ப்யூட்டரில் உள்ள ஆபரேஷன்ஸ் கன்சோல் உங்களிடம் கேட்டது இந்த இரண்டாவது பட்டியலின் பெயரை.

நல்ல செய்தி, இந்த இரண்டு க்யூசெக்ஆஃபரும் ஒன்றை ஒன்று மீட்டெடுக்கக் கூடியவை. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் க்யூசெக்ஆஃபராக நுழைந்து சிஎச்ஜிடிஎஸ்டிபிடபிள்யூடி கட்டளையில் டீஃபால்ட் என்று கொடுத்தால், சர்வீஸ் டூல்ஸ் பக்கத்து க்யூசெக்ஆஃபரின் பாஸ்வேர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும்: அதே பெயர், பெரிய எழுத்துகளில். உடனே காலாவதியானதாகவும் இருக்கும், ஆகவே முதல் முறை நுழையும்போதே புதிதாக வைக்கச் சொல்லும். எதிர்த்திசையில், ஆபரேட்டிங் சிஸ்டத்து க்யூசெக்ஆஃபரின் பாஸ்வேர்டு தொலைந்தால் டிஎஸ்டிக்குள் போய் அதை மீட்டமைக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொலைத்தால்தான் ஆபத்து. உங்களிடம் ஒன்று இருக்கிறதல்லவா, இன்றே மற்றதைச் சரிசெய்துவிடுங்கள்.

சர்வீஸ் டூல்ஸ் பாஸ்வேர்டைத் தவறாக அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், மூன்றாவது தவறில் அந்தப் பெயர் முடங்கிவிடும். க்யூசெக்ஆஃபர் ஒன்றையே நம்பியும் இருக்க வேண்டாம். டிஎஸ்டிக்குள் போன முதல் நாளே, போதிய உரிமைகளோடு உங்களுக்கென ஒரு சர்வீஸ் டூல்ஸ் பெயரையும், உங்களுக்கு அடுத்தவருக்கென இன்னொன்றையும் உருவாக்குங்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் நிர்வாகம் சாவிக்கொத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. இந்தப் பெயர்களையும் அதே அக்கறையோடு கைமாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது நடக்கவில்லை. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

இனி அமைப்பது. இயந்திரம் எந்த வகைத் திரையைக் கன்சோலாகத் தேட வேண்டும் என்பது ஒரு எண்ணாகக் கீழ் அடுக்கில் பதிந்திருக்கும். 1 என்றால் ட்வினாக்ஸ் டெர்மினல். 2 என்றால் நேர் கேபிளில் இணைந்த ஆபரேஷன்ஸ் கன்சோல். 3 என்றால் லேன் வழியே வரும் ஆபரேஷன்ஸ் கன்சோல். 4 என்றால் எச்எம்சி. டிஎஸ்டியில் கன்சோலைத் தேர்வு செய்யும் திரையில் இதைப் பார்க்கலாம், மாற்றலாம்.

ஆனால் கன்சோலே வேலை செய்யாதபோது அந்தத் திரைக்குப் போவது எப்படி? அதற்காகத்தான் பேனலில் 65-ஐயும் 21-ஐயும் சேர்த்து ஒரு வழி வைத்தார்கள். மேனுவல் முறையில், 25-ஐயும் 26-ஐயும் அழுத்திப் பராமரிப்பு ஃபங்ஷன்களைத் திறந்துகொண்டு, 65 கொடுத்து, அடுத்து 21 கொடுத்தால், 11 என்ற ஃபங்ஷனில் ஏ6-இல் தொடங்கி 500ஏ-இல் முடியும் குறியீடு ஒன்று தெரியும். நடுவில் உள்ள இரண்டு இலக்கங்கள்தான் கன்சோல் வகை. ஏ601 என்று தொடங்கினால் ட்வினாக்ஸ், ஏ603 என்றால் லேன். முதல் முறை 65, 21 கொடுப்பது பார்ப்பதற்கு மட்டும், எதுவும் மாறாது. அதே இணையைத் தொடர்ந்து திரும்பக் கொடுத்தால் மாற்றும் நிலைக்குப் போகும். அதைக் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், என் வரிகளை வைத்துச் செய்யாதீர்கள். பார்ப்பதை மட்டும் இந்த வாரமே செய்து குறித்து வையுங்கள். உங்களிடம் எச்எம்சி இல்லை, ஆகவே ஏ602 அல்லது ஏ603 வரும் என்பது என் எதிர்பார்ப்பு. எக்ஸ்பியின் பின்னால் இயந்திரத்துக்கு நேராக ஒரு சீரியல் கேபிள் போனால் 02, நெட்வொர்க் கேபிள் மட்டும் இருந்தால் 03.

லேன் கன்சோல் என்றே வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். நீங்கள் மேசையிலிருந்து நுழையும் ஐபி முகவரி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் டிசிபி/ஐபி-க்கு உரியது. ரெஸ்ட்ரிக்டட் நிலையில் அதுவும் நின்றுவிடும். லேன் கன்சோலுக்கான முகவரி கீழ் அடுக்கு தானே வைத்திருக்கும் தனி சர்வீஸ் முகவரி. ஆபரேட்டிங் சிஸ்டம் நின்றாலும் அது நிற்காது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கவே கூடாது. சர்வீஸ் முகவரியை டிஎச்சிபி பட்டியலிலிருந்து விலக்கி, வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் எக்ஸ்பியையும் இயந்திரத்தின் அந்த ஒரு லேன் கார்டையும் மட்டும் ஒரு சிறிய தனி ஸ்விட்சில் சேர்த்துவிடுங்கள். அலுவலக நெட்வொர்க்கில் யாரோ எதையோ மாற்றினார்கள் என்பதற்காகக் கன்சோல் போய் நிற்கும் நிலை எந்தத் தொழிற்சாலைக்கும் வேண்டாம். அதே நெட்வொர்க்கில்தான் வைத்தாக வேண்டும் என்றால், 2323, 3001, 3002 ஆகிய போர்ட்டுகளை இடையில் உள்ள ஃபயர்வால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தின் பின்பக்கம் எச்எம்சி1, எச்எம்சி2 என்று எழுதிய இரண்டு நெட்வொர்க் துளைகள் இருக்கும். கன்சோல் கேபிளை அங்கே செருகாதீர்கள். அவை சர்வீஸ் ப்ராசசருக்குப் போகும் வழி. அங்கே 192.168.2.147 அல்லது 192.168.3.147 என்ற முகவரியில் பிரவுசரில் திறக்கும் ஏஎஸ்எம்ஐ திரை வரலாம், கன்சோல் ஒருநாளும் வராது. அந்தத் துளையில் செருகிவிட்டு கன்சோல் கார்டே கெட்டுப்போனது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

எக்ஸ்பி கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல் வரை எல்லாவற்றையும் மீட்கும் வழி அந்தப் பழைய டிஸ்க்கின் மேல் நிற்கிறது. அதில் தூங்கவிடும் பவர் செட்டிங் எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து துண்டியுங்கள். டிஸ்க்கை முழுதாகப் பிரதி எடுத்து, அதே மாதிரி இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள். இரண்டாவது கம்ப்யூட்டர் கன்சோலாக நுழைய அதற்கென்று தனி சர்வீஸ் டூல்ஸ் டிவைஸ் ஐடி ஒன்றை டிஎஸ்டியில் உருவாக்க வேண்டும். ஒரே ஐடியை இரண்டு கம்ப்யூட்டர்கள் பகிரக் கூடாது. கன்சோலைத் தேர்வு செய்யும் அதே திரையில், வேறொரு கன்சோல் பொறுப்பை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் தேர்வும் உண்டு. அதை அனுமதியுங்கள். முதல் கம்ப்யூட்டர் நடுவழியில் நின்றால், ஓடிக்கொண்டிருந்த வேலை சாகாமல் இரண்டாவது அதைத் தொடர இது வழி செய்யும்.

டிவைஸ் ஐடியின் பாஸ்வேர்டு கம்ப்யூட்டரிலும் இயந்திரத்திலும் வேறாகிவிட்டால் பயனர் பெயர் கேட்கும் இடத்துக்கே வராது. உங்களுக்கு அது வரை வந்தது, ஆகவே இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை. வந்தால், வி5ஆர்4-இல் பேனலில் 65-ஐத் தொடர்ந்து ஏழு முறை கொடுத்தால் க்யூகன்சோல் என்ற டிவைஸ் ஐடி பழைய நிலைக்குத் திரும்பும். கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினால் போதும்.

அந்த இரண்டு பச்சை டெர்மினல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவற்றில் ஒன்று உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மாற்றுக் கன்சோல். அதற்கு விண்டோஸ் வேண்டாம், ஐபி முகவரி வேண்டாம், வைரஸ் பயமில்லை. ட்வினாக்ஸ் கன்ட்ரோலரில் எட்டு போர்ட் உள்ள ஒரு பெட்டி இருக்கும். எண்கள் 0-இல் தொடங்கும். ஒவ்வொரு போர்ட்டிலும் 0 முதல் 6 வரை முகவரி வைத்து ஏழு கருவிகள் வரை தொடுக்கலாம். ட்வினாக்ஸ் கன்சோல் இருக்க வேண்டிய இடம் 0-ஆம் போர்ட்டில் 0-ஆம் முகவரி. கேபிளைப் பின்தொடர்ந்து போய், எந்த டெர்மினல் 0 போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் செட்-அப் திரையில் முகவரியை 0 என்று வையுங்கள். மிகப் பழைய மாதிரி என்றால் கருவியிலேயே சிறிய ஸ்விட்சுகள் இருக்கும். அதே போர்ட்டில் வேறு பிரிண்டரோ டெர்மினலோ 0-இல் இல்லை என்று உறுதி செய்யுங்கள், ஒரே முகவரியில் இரண்டு இருந்தால் இரண்டும் ஒழுங்காக வராது. வரிசையில் கடைசிக் கருவியில் டெர்மினேஷன் இருக்க வேண்டும்.

இப்படி அமைத்துவிட்டால், எக்ஸ்பி அடியோடு போன நாளில் பேனலில் 65, 21 வழியே வகையை 01 ஆக்கி அந்த டெர்மினலைக் கன்சோலாக எழுப்பலாம். ஆனால் அந்த ட்வினாக்ஸ் கார்டு கன்சோலுக்குத் தகுதியான இடத்தில் செருகப்பட்டிருக்கிறதா என்பதை உங்கள் மாடலின் கையேட்டில் கார்டு வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் இரண்டு சிஸ்டம் வேல்யூக்களைப் பார்த்துவிடுங்கள். க்யூஎஸ்சிபிஎஃப்கன்ஸ் என்பது ஒன்று. மேனுவல் முறையில் ஐபிஎல் நடக்கும்போது கன்சோலில் சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று அது சொல்கிறது. 1 என்றால் ஆள் இல்லாத ஐபிஎல் போலத் தொடரும். 0 என்றால் நின்றுவிடும். ஐபிஎம் அனுப்பும்போது 1 ஆக இருக்கும், அப்படியே இருக்கட்டும். மற்றது க்யூஆட்டோசிஎஃப்ஜி. அது 1 ஆக இருந்தால் புதிதாகச் செருகிய டெர்மினலுக்கு இயந்திரமே டிவைஸ் விவரத்தை உருவாக்கிக்கொள்ளும். யாராவது அதை 0 ஆக்கி வைத்திருந்தால், 0 போர்ட்டில் புதிய டெர்மினலைச் செருகிவிட்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஒருவேளை ஐபிஎல் நடக்கும்போது பேனலில் ஏ6005 என்று தொடங்கும் குறியீடு வந்து நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலும் அதற்கு, நான் எதிர்பார்க்கும் கன்சோல் எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எக்ஸ்பி ஓடுகிறதா, அதில் ஆபரேஷன்ஸ் கன்சோல் இணைய முயல்கிறதா, கேபிள் சரியான துளையில் இருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். அணைக்கும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப்பைத் திரும்ப எடுங்கள். இந்த முறை எக்ஸ்பியின் கன்சோல் விண்டோவில் முதலில் சர்வீஸ் டூல்ஸ் பெயரில் நுழைந்து, பிறகு வரும் சைன்-ஆன் திரையில் க்யூசெக்ஆஃபராக நுழையுங்கள். வலது மேல் மூலையில் கட்டுப்படுத்தும் சப்சிஸ்டத்தின் பெயர் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேராக கோ சேவ் என்று அடித்து 21-ஆவது தேர்வைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சப்சிஸ்டங்களை மட்டும் நிறுத்தி, சிஸ்டம் ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு வந்துவிட்டது என்ற செய்தி க்யூசிஸ்ஓபிஆர் மெசேஜ் க்யூவில் வருகிறதா என்று பாருங்கள். கன்சோல் உங்கள் கையில் இருப்பதை அந்த நிலையில் ஒரு முறை உணர்ந்துகொள்ளுங்கள். பிறகு சிஸ்டத்தின் ஸ்டார்ட்-அப் ப்ரோக்ராமை அழைத்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றுங்கள். அது எது என்று க்யூஎஸ்டிஆர்யூபிபிஜிஎம் என்ற சிஸ்டம் வேல்யூவில் இருக்கும். இந்த ஒத்திகை சரியாக வந்தால், அதே நாளில் கோ சேவின் 21-ஆவது தேர்வைக் கொடுத்து டேப்பில் முழுதாக எடுத்துவிடலாம்.

வி5ஆர்4-க்கு ஐபிஎம்மின் ஆதரவு 2013 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. புதிய பவர் இயந்திரத்துக்கு மாறும்போது ஆபரேஷன்ஸ் கன்சோலுக்குப் பதில் அக்சஸ் க்ளையன்ட் சொல்யூஷன்ஸ் என்ற மென்பொருளோ எச்எம்சியோ வரும். இங்கே சொன்ன விவரங்கள் சில மாறும். மாறும் திட்டம் நிர்வாகத்திடம் இருந்தால், எந்த மாடல், எச்எம்சி உண்டா இல்லையா என்ற விவரத்தோடு எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் சொல்கிறேன். அதற்கு முன் பேனலில் 11-இல் தெரிந்த குறியீட்டையும், க்யூகன்சோல் வேல்யூவில் வந்த பெயரையும் எனக்குத் தெரிவியுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் யாருக்கும் கடிதத்தில் எழுதாதீர்கள்.